அகலத்தை மட்டும் கேட்காதீர்கள்

என் காலணி அளவை யார் கேட்டாலும் நான் பொய்தான் சொல்வேன். வயதைக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன். சம்பளத்தைக் கேட்டால்கூட, கொஞ்சம் இழுத்துவிட்டுச் சொல்லிவிடுவேன். "என்ன சைஸ் மேடம்?" என்றால் மட்டும் "நாலு" என்று வாய் முந்திக்கொள்ளும். நீளத்தில் அது பொய்யில்லை. குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை 23 சென்டிமீட்டர். நாலாம் நம்பர்தான். சொல்லாமல் விழுங்குகிற எண் வேறு. விரல்கள் தொடங்குகிற இடத்தில், பாதம் மிக அகலமாக இருக்கும் பகுதியைச் சுற்றி நாடா பிடித்தால் 25 சென்டிமீட்டர் வருகிறது. நீளத்தைவிடச் சுற்று அதிகம். ஜப்பானில் பாதத்தின் அகலத்துக்கென்றே ஓர் அளவுமுறை வைத்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்து ஒன்று கூடினால் சுற்றளவில் 6 மில்லிமீட்டர் கூடும். அவர்கள் கணக்குப்படி என் கால் நாலு 'இ'யைத் தாண்டுகிறது. பள்ளிக்கூடத்தில் இதற்கு 'வாத்துக்கால்' என்று சுருக்கமாகப் பெயர் வைத்திருந்தார்கள்.

இந்தக் காலை ஐந்து அங்குலக் குதிகாலுக்குள் திணிப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. சம்பளம் வரும் வேலை வேறு: கம்பெனி விழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்துவது. என் உயரம் நாலடி பதினோரு அங்குலம். போடியத்துக்குப் பின்னால் நின்றால் நெற்றிப்பொட்டும் அதற்கு மேலும்தான் தெரியும். அதனால்தான் ஹீல்ஸ் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் பாதிப் பொய். கையில் எடுத்துச் செல்லும் மைக் கேட்டால் எந்த அரங்கிலும் தருவார்கள், போடியத்துக்கு வெளியே வந்து நிற்கலாம். நின்றும் இருக்கிறேன், ஐந்து அங்குலத்தோடு. எனக்கு அது பிடிக்கும், அவ்வளவுதான். கண்ணாடியில் கெண்டைக்கால் இறுகி, முதுகு நிமிர்ந்து, புடவை மடிப்பு தரை தொடாமல் விழுவதைப் பார்க்கும்போது வருகிற திமிர் வேறு எதிலும் எனக்கு வந்ததில்லை.

என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2015இல் லண்டனில் வரவேற்பாளர் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணை, தட்டைச் செருப்பில் வந்தாள் என்று முதல் நாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். விவகாரம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை போனது. 2019இல் ஜப்பானில் யூமி இஷிகாவா என்ற நடிகை, வேலையிடங்களில் ஹீல்ஸ் கட்டாயத்தை எதிர்த்து 'கூட்டூ' இயக்கத்தைத் தொடங்கினார். ஒரு மகளிர் தின நிகழ்ச்சியில் இந்த இரண்டையும் சொல்லி நன்றாகக் கைதட்டு வாங்கினேன். சொல்லிக்கொண்டிருந்தபோதே போடியத்தின் மறைவில் இடது காலைச் செருப்பிலிருந்து உருவி, வலது காலின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா மட்டும் பார்த்துவிட்டார். அவர் கைதட்டவில்லை.

அகலமான கால் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் அதற்கும் கோபப்பட ஆளில்லை. எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். அப்பாயி கடைசிவரை செருப்புப் போடாமல் வயலுக்குப் போய் வந்தவள். நானும் ஐந்தாம் வகுப்புவரை வெறுங்காலோடு ஓடினவள்தான். பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர்கள் தென்னிந்தியாவுக்கு வந்து, வாழ்நாள் முழுக்க வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதத்தைச் செருப்புப் போடும் இந்தியர்களோடும் தங்கள் நாட்டவரோடும் ஒப்பிட்டு 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு முன்பாதம் அகலமாக இருக்கிறது, உடம்பின் பாரமும் பாதம் முழுக்கச் சீராகப் பரவுகிறது என்பது அதன் சாரம். அதாவது என் கால் இருக்க வேண்டிய மாதிரிதான் இருக்கிறது. படித்தபோது பெருமை வந்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சல் வந்தது. இருக்க வேண்டிய மாதிரி இருக்கும் காலுக்கு ஏன் ஒரு கறுப்புப் பம்ப் ஹீல்ஸ் கிடைக்கவில்லை?

அதற்கு விடை சென்னையிலேயே, அடையாற்றில் இருக்கிறது. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் டிசம்பர் 2021 முதல் மார்ச் 2022 வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேன் எடுத்து அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் கால்களைவிட இந்தியர் கால்கள் அகலம் என்று தெரிந்தது. நாம் இவ்வளவு காலமும் போட்டுக்கொண்டிருப்பது வெள்ளைக்காரன் விட்டுப்போன அளவு. அகலம் பற்றாத குறையை நீளத்தில் ஈடுகட்டி, தேவைக்கு மேல் நீளமான செருப்பை வாங்குகிறோம் என்றும் கண்டறிந்து, 'பா' என்ற பெயரில் புதிய அளவுமுறையை முன்வைத்தார்கள். செய்தியைப் படித்ததும் வாட்ஸப்பில் எல்லா உறவுக்காரர்களுக்கும் அனுப்பினேன். "நாடே அகலக்கால்தான்" என்று. அனுப்பிவிட்டு அன்று மாலை போய் வாங்கியது, குறுகலான கூர்முனை ஸ்டிலெட்டோ.

ஆம்பூரில் ஒரு தொழிற்சாலையின் ஆண்டுவிழாவுக்கு நிகழ்ச்சி நடத்தப் போயிருந்தேன். விழாவுக்கு முன்னால் உள்ளே சுற்றிக்காட்டினார்கள். ஒரு சுவர் முழுக்க லாஸ்ட். செருப்புக்கு வடிவம் தரும் அச்சுக்கால்கள். முன்பு மரத்தில் கடைந்தது, இப்போது எல்லாம் கெட்டி பிளாஸ்டிக். ஐரோப்பிய முறையில் 37ஆம் எண்ணுக்கான ஹீல்ஸ் அச்சு ஒன்றைக் கையில் எடுத்தேன். நடுவில் இடுப்பு ஒடுங்கி, முன்பக்கம் மெலிந்து, விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே சரிவு. செருப்பின் மேல்பாகம் தைக்கும் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் ஒருத்தி தையல் மெஷினை நிறுத்திவிட்டு முதலில் அச்சைப் பார்த்தாள், பிறகு என் காலைப் பார்த்தாள். "அக்கா, அது அவங்க கால். நமக்கு ஏறாது" என்றாள். அவள் கால் மெஷினின் பெடலில் இருந்தது, ரப்பர் செருப்பில். என் காலைவிட அகலம். நான் சிரித்து மழுப்பிவிட்டு அந்த அச்சைத் திரும்ப வைத்தேன். நானும் அவளும் ஒரே கால்காரிகள் என்பதை அந்த இடத்தில் ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் முறையில் ஒரு நம்பர் கூடினால் நீளம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டரை மில்லிமீட்டர் கூடும். சுற்றளவு கால் அங்குலம், ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எனக்குத் தேவையான கூடுதல் சுற்றளவில் பாதியைப் பெறவே இரண்டு நம்பர் ஏற வேண்டும். ஏறினால் நீளம் 17 மில்லிமீட்டர் மிஞ்சும். தட்டைச் செருப்பில் இது பெரிய விஷயமில்லை, பின்னால் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். ஹீல்ஸில் அப்படி இல்லை. உள்ளே ஷாங்க் என்று ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது; வளைவைத் தாங்குவது அதுதான். செருப்பு மடங்க வேண்டிய இடமும் என் கால் மடங்குகிற இடமும் ஒன்றாக இருந்தால்தான் நடக்க முடியும். இரண்டு நம்பர் பெரிதானால் கால் ஓரிடத்தில் மடங்கும், செருப்பு வேறிடத்தில் மடங்கும். சரிவில் பாதம் முன்னால் வழுக்கி விரல்கள் நுனியில் போய் இடிக்க, பின்னால் குதிகால் கழன்று 'டப் டப்' என்று அடிக்கும். அமெரிக்காவில் சிரக்யூஸ் நகரத்துச் செருப்புக்கடைக் குடும்பத்தில் பிறந்த சார்லஸ் பிரானாக் என்பவர் 1920களிலேயே இதற்கு ஓர் உலோகத் தட்டு செய்துவிட்டார். மொத்த நீளம், அகலம், குதிகாலிலிருந்து முன்பாதக் குமிழ்வரை உள்ள நீளம் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் அளக்கும். நம்மூர்க் கடையில் "ஆறா, ஏழா?" என்ற கேள்வியோடு அளவெடுப்பு முடிந்துவிடுகிறது. எனக்கு அதுவே வசதியாக இருந்தது.

உயரத்திலும் சின்னக் கால்காரிக்கு ஒரு வஞ்சனை உண்டு. அதே ஐந்து அங்குலம் நெட்டைக்காரிக்குச் சாதாரண மேடு, எனக்குச் செங்குத்து. என் குதிகாலிலிருந்து முன்பாதக் குமிழ்வரை பதினாறரை சென்டிமீட்டர்தான். அதில் பன்னிரண்டரை சென்டிமீட்டர் உயர்த்தினால் சரிவு ஏறத்தாழ 49 டிகிரி. முன்னால் ஒரு அங்குலம் பலகை வைத்துவிட்டால் 37 டிகிரிக்கு இறங்கிவிடும். உயரம் அப்படியே இருக்கும், பாரம் குறையும். மேடை அழகிகள் போடும் பயங்கரமான உயரங்களின் சூட்சுமமே இந்தப் பலகைதான். 1993இல் பாரிஸில் விவியன் வெஸ்ட்வுட்டின் ஆடை அணிவகுப்பில் நவோமி காம்பெல் விழுந்தாரே, அந்தச் செருப்பிலும் முன்னால் தடித்த பலகை உண்டு. இப்போது அது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விழுந்தவர் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அந்தப் படத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

இவ்வளவு தெரிந்தவள் பலகை வைத்த செருப்பையே வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் என் அற்பத்தனம். அமெரிக்காவில் பிளீசர் என்று ஒரு நிறுவனம், கம்ப நடனக்காரர்களுக்கும் மேடைக் கலைஞர்களுக்கும் செருப்புச் செய்கிறது. எட்டு அங்குலக் குதிகால், முன்னால் நாலு அங்குலப் பலகை. காலுக்கு மிஞ்சும் சரிவு நாலு அங்குலம் மட்டுமே. வார் வைத்த திறந்த முன்பகுதி, கணுக்காலில் பட்டை, ஆண்கள்கூட வாங்கிப் போடுமளவுக்குப் பெரிய அளவுகள். அதில் ஆடுகிறார்கள், குதிக்கிறார்கள், கம்பத்தில் தொங்கிவிட்டு அதன்மேலேயே இறங்குகிறார்கள். அகலக் காலுக்கு அதைவிட இரக்கமுள்ள உயரம் கிடையாது. நிகழ்ச்சிகளில் எங்களோடு வேலை செய்த ஒரு நடனப் பெண் தன்னுடையதைக் காட்டி, "போட்டுப் பாருங்கக்கா, உங்க காலுக்கு இதுதான்" என்றாள். அந்த மாதிரிச் செருப்பை யார் போடுவார்கள் என்று முகத்தைச் சுளித்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. பையில் திரும்ப வைத்துக்கொண்டாள். அன்று அவள் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு நடந்து போனாள். நான் ஓட்டல் சமையலறை வாசலில் உட்கார்ந்து ஐஸ் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செய்த தில்லுமுல்லுகள் கொஞ்சமில்லை. தடித்த சாக்ஸ் போட்டுக் காலை உள்ளே நுழைத்து, மேலே ஹேர் டிரையரைக் காட்டி விரிய வைப்பது. பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றிச் செருப்புக்குள் வைத்து ஃப்ரீஸரில் ஏற்றுவது. உறையும்போது தண்ணீர் பெருக்குமே, அது தள்ளும் என்று. ஆட்டுத்தோலாக இருந்தால், ஸ்வேடாக இருந்தால் இவை கொஞ்சம் பலிக்கும். நான் வாங்குகிற விலைக்கு வருவது பளபளக்கும் ரெக்சின். அது விரியாது, பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் வெடிக்கும். தெருமுனையில் செருப்புத் தைக்கிற பெரியவர் அதை அழுத்திப் பார்த்துவிட்டே சொல்வார்: "இது தோலில்லம்மா, ரெண்டு நாளும் வராது." மூன்றாவது விரலையும் நாலாவது விரலையும் சேர்த்துப் பிளாஸ்டர் ஒட்டினால் வலி தாமதமாக வரும் என்று படித்துவிட்டு அதையும் செய்தேன். தாமதமாகத்தான் வந்தது. மரத்துப்போகும் மருந்தைத் தடவினால் வலியே இருக்காது. இரவு செருப்பைக் கழற்றும்போதுதான் சுண்டுவிரல் ஓரத்தில் தோல் உரிந்திருப்பது தெரியும்.

மெட்டி விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். என் மாமியார் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர். பரவாயில்லை. கூர்முனைச் செருப்புக்குள் இரண்டாவது விரலில் வெள்ளி மெட்டி இருந்தால் அது பக்கத்து விரலின் சதைக்குள் இறங்கும். வளையத்தின் நெளிவு அப்படியே பதிந்து, சிவந்து, பிறகு கறுத்துப்போகும். அதனால் காரில் ஏறியதும் மெட்டிகளைக் கழற்றிக் கைப்பையின் ஜிப் அறைக்குள் போட்டுவிடுவேன். வீட்டு வாசலில் திரும்பப் போட்டுக்கொள்வேன். ஒரு நாள் அதில் ஒன்று தொலைந்தது. "கால் வீங்கியிருந்துச்சு அத்தை, கழட்டி வெச்சேன், குழாயடியில விழுந்துடுச்சு" என்றேன். அத்தை அன்று மாலை முழுக்கக் குழாயடித் தொட்டியில் கை விட்டுத் துழாவினார், அப்புறம் தன்னுடைய பழைய மெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் இப்போது பெரும்பாலும் ஜிப் அறையில்தான் இருக்கிறது.

நம் ஊரில் ஹீல்ஸ் போடுகிறவளுக்கு வெளிநாட்டுக்காரிக்கு இல்லாத தொல்லை ஒன்று உண்டு. நாம் கழற்ற வேண்டியிருக்கிறது. செருப்பைப் போட்டுக்கொண்டுதான் புடவை கட்ட வேண்டும், அப்போதுதான் கொசுவத்தின் நீளம் சரியாக விழும். மண்டபத்தில் மணமேடை ஏற வேண்டுமானால் கழற்று. பெரியவர்கள் வீட்டு வாசலில் கழற்று. கோயிலில் சொல்லவே வேண்டாம். கழற்றிய நொடியில் ஐந்து அங்குலம் புடவை தரையில் கிடக்கும். அதை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, எதிரில் நிற்பவரின் தோளுயரத்திலிருந்து திடீரென்று மார்புயரத்துக்கு இறங்கி, "நமஸ்காரம்" என்று சொல்ல வேண்டும். அதைவிட மோசம், பாதம் வெளியே வருவது. நெருக்கிப் பிழிந்த விரல்கள் வெளிச்சத்தில் மெல்ல விரியும். அந்த நேரங்களில் நான் புடவையைத் தூக்கவே மாட்டேன், மிதித்துக்கொண்டே நடப்பேன். இரண்டு பட்டுப்புடவைகளின் கரை கிழிந்தது அப்படித்தான்.

பிறகு கால் ஆணி வந்தது. பெருவிரல் மூட்டு வெளியே புடைத்தது. முன்பாதத்தில், மூன்றாம் விரலுக்கும் நாலாம் விரலுக்கும் இடையில் சிறு கல்லை மிதிப்பதாகவே எப்போதும் ஓர் உணர்வு. எலும்பு டாக்டரிடம் போனேன். போகும்போது வீட்டிலிருந்து தேய்ந்த ரப்பர் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன், ஏதோ தினமும் அதில்தான் நடப்பவள் மாதிரி. ஹீல்ஸ் போடுவீர்களா என்றார். "எப்பவாவது, ஃபங்ஷனுக்கு" என்றேன். அவர் ஒரு கையால் என் முன்பாதத்தை இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தி, மற்றக் கையின் கட்டைவிரலால் அந்த இடைவெளியில் கீழிருந்து குத்தினார். உள்ளே ஏதோ 'டக்' என்று நழுவியது, சுரீர் என்று நாலாம் விரல் நுனிவரை ஓடியது. நெருக்கப்பட்ட நரம்பு தடித்துப்போயிருக்கிறது என்றார். மார்ட்டன் நியூரோமா என்று பெயர்.

அடுத்து என் கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தார். "தட்டைச் செருப்பு போட்டா கெண்டைக்கால் இழுக்குதா?" என்றார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். அதில் மாட்டிக்கொண்டேன். வருடக்கணக்காக உயரத்தில் நிற்கிறவர்களுக்குக் கெண்டைக்கால் தசையிழைகள் குட்டையாகிவிடும், குதிகால் தசைநாண் தடித்து விறைத்துவிடும். 2010இல் மான்செஸ்டர் ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்ததில் தசையிழைகள் 13 சதவீதம் குறுகியிருந்தன. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் தட்டையில் நடந்தால் வலிக்கும். "எப்பவாவது போடுறவங்களுக்கு இப்படி ஆகாதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார். எனக்குப் பதில் சொல்ல ஒன்றுமில்லை. வெளியே வந்து, காரில் வைத்திருந்த செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போனேன்.

இதற்கெல்லாம் நேரான வழி அளவெடுத்துத் தைப்பதுதான். சென்னையில் அதற்குப் பெரியமேட்டை விட்டால் இடமில்லை. தோல், பசை, குதிகால், அடிப்பாகம் என்று செருப்பின் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியாக விற்கும் தெருக்கள். ஒரு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்யும் பாய் ஒருவரைப் பிடித்தேன். தரையில் ஒரு பழைய கணக்குப் பேரேட்டை விரித்து, "நில்லுங்கம்மா, ரெண்டு கால்லயும் பாரம் வெச்சு நில்லுங்க" என்றார். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்தார். சுண்டுவிரல் பக்கம் பென்சில் வந்தபோது நான் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தார். "ஃப்ரீயா விடுங்க." விட்டேன், மறுபடி மடக்கினேன். அடுத்து நாடாவைச் சுற்றினார். "இன்னும் டைட்டா பிடிங்க பாய், லூசா இருந்தா கழண்டுடும்" என்றேன். இருபத்துநாலு என்றார். "இருபத்துமூணரை போடுங்க, தோல்தானே, விரியும்." அவர் நாடாவைக் கையில் சுருட்டியபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அம்மா, இதை நான் கடைக்குப் பண்ணல. உங்களுக்குத்தானே பண்றேன்" என்றார். இருபத்துமூணரைதான் என்று நின்றேன். எழுதிக்கொண்டார்.

நல்ல ஆட்டுத்தோல், கையால் இழுத்து அறைந்தது, கூர்முனை கொஞ்சம் மழுங்கி, குதிகால் ஐந்தேகால் அங்குலம். அழகென்றால் அப்படி ஓர் அழகு. வலியும் கடைச் செருப்புக்குக் குறையாத வலி. இரண்டாம் தடவை போய் "பாய், இறுக்குது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பேரேட்டில் எழுதியிருப்பது என் எண்.

இதுவரை சொன்னதெல்லாம் என் காலுக்கு நானே செய்துகொண்டது. அத்தையின் அலைச்சலைக் கழித்துவிட்டால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. ஒன்று மட்டும் அப்படியில்லை.

நகரத்தில் பெரிய செருப்புக்கடை. பெயர் வேண்டாம். வைன் நிறத்தில் ஒரு பம்ப், பளபளப்பு ரெக்சின், ஐந்து அங்குலம். எடுத்துத் தந்த பையனுக்கு இருபது வயது இருக்கலாம், தென்மாவட்டப் பேச்சு. முட்டி போட்டு உட்கார்ந்து என் காலில் மாட்டிவிட்டான். கட்டைவிரலால் சுண்டுவிரல் பக்கம் அழுத்தினான். "அக்கா, இது சைடுல ரொம்பப் பிடிக்கிது. தாங்காது. இதே கலர்ல முன்னால திறந்த மாடல் இருக்கு, எடுத்தாரட்டா?" என்றான். "நாலுதான் என் சைஸ், எனக்குத் தெரியாதா?" என்றேன். பில் போடும்போதும் ஒருமுறை சொன்னான். நான் போனில் பேசுவதாகப் பாவனை செய்தேன்.

ஒரு வரவேற்பு நிகழ்ச்சி முடிவதற்குள் இடதுகால் செருப்பு வெளிப்பக்கம் வாய் பிளந்துவிட்டது. மேல்பாகமும் அடிப்பாகமும் சேருகிற இடத்தில் இரண்டு அங்குல நீளத்துக்குப் பசை விட்டு, நூல் நார் நாராகத் தொங்கியது. மறுநாள் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். மைக்கில் பேசிப் பழகிய குரல், மேல்தளம்வரை கேட்டிருக்கும். "ஒரு நாள் போட்டிருக்கேன், பிஞ்சுபோச்சு. இந்த விலைக்கு இதுதான் உங்க தரமா?" மேனேஜர் ஓடிவந்தார். அந்தப் பையனைக் கூப்பிட்டார். செருப்பைக் கையில் வாங்கி, கிழிசலுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தான். பிறகு உள்ளே பார்த்தான். என் ஐந்து விரல்களும் உள்துணியில் குழி குழியாகப் பதிந்திருந்தன, சுண்டுவிரலின் குழி கிழிசலின் ஓரத்தில் நேராக இருந்தது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது அவனுக்குத் தெரிந்துவிட்டதென்று.

அப்போது நான் வாயைத் திறந்தேன். "இந்தப் பையன்தான் சரியா இருக்குன்னு சொல்லிக் குடுத்தான்."

அவன் மறுக்கவில்லை. கஸ்டமர் சொன்னால் மறுக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். என் முகத்தை ஒருமுறை பார்த்தான். "மாத்திக் குடுத்துரலாம் சார்" என்றான் மேனேஜரிடம். புது ஜோடி வந்தது. நான் பில்லைக் கைப்பையில் வைக்கும்போது பின்னால் மேனேஜர் தாழ்ந்த குரலில் சொன்னது காதில் விழுந்தது: "உன் கணக்குலதான் எழுதுவேன், சைஸ் பாக்கத் தெரியாதா?" ஆயிரத்து எண்ணூறு ரூபாய். திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கதவு திறந்தே இருந்தது, கார் காத்திருந்தது. போய்விட்டேன்.

அடுத்த தடவை போனபோது அந்தப் பையன் இல்லை. வேறு கிளையா, ஊருக்குப் போய்விட்டானா என்று கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். மாற்றித் தந்த ஜோடியும் அதே இடத்தில்தான் பிளந்தது, அதைத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. அந்தக் கடைக்கு இப்போதும் போகிறேன். மேனேஜர் என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்பார், "மேடத்துக்கு நாலு எடுப்பா" என்று புதுப் பையன்களிடம் சொல்வார். பழைய கஸ்டமர் என்று பத்து சதவீதம் தள்ளுபடியும் உண்டு. வாங்கிக்கொள்கிறேன்.